இடக்காதில் நில்லாமை: ஓர் ஆய்வு

கம்பியில்லா இயர்பட்ஸின் மூக்கில் மாட்டியிருக்கும் குட்டிக் குல்லாயை ஆராயப் புகுவோர்க்கு முதல் இடறல் அதன் பெயர். பெட்டியில் ‘இயர் டிப்’ என்று போட்டிருக்கிறது. ரிச்சி தெருவில் அப்படிக் கேட்டால் கடைக்காரர் ஒரு நொடி விழித்துவிட்டு, “பட்ஸ் ரப்பரா சார்?” என்பார். பொருளோ சிலிக்கோன். ஆயினும் வழக்கு வலிது ஆகலின் இவண் ரப்பர் என்றே ஆளப்படும். ‘பட்ஸ்’ என்பதில் இன்னொரு வில்லங்கம். எங்கள் அம்மாவுக்கு அது காது குடையும் பஞ்சுக்குச்சி. “அம்மா, என் பட்ஸைப் பாத்தியா?” என்றால், “உபயோகிச்சதைத் தூக்கிப் போடாம என்னடா தேடறே?” என்று பதில் வரும்.

இனி ஆய்வுச் சிக்கல். வலக்காது பட்ஸ் நிற்கிறது. இடக்காது பட்ஸ் விழுகிறது. படியிறங்கினால் விழுகிறது, கொட்டாவி விட்டால் விழுகிறது, முறுக்குத் தின்றால் சத்தியமாக விழுகிறது. சிறிது, நடு, பெரிது என மூன்று ஜோடி ரப்பர் கொடுத்திருந்தும், ஆலையில் மாட்டி வந்த நடு அளவோடேயே ஓராண்டு தள்ளினேன். என்னை? எனின், நடுத்தரக் குடும்பம், நடுத்தர உயரம், பத்தாம் வகுப்பில் நடுவாந்தர மதிப்பெண். காது மட்டும் எப்படி அளவு மீறும் என்ற துணிபே காரணம். மற்ற இரு ஜோடியும் அட்டைப்பெட்டியின் அடித்தட்டில் சார்ஜர் வயருக்குக் கீழே துயின்றன.

விழுவது ஒன்றே குற்றமெனில் பொறுத்திருப்பேன். ரப்பர் சரியாக அடைக்காத காதில் பாட்டும் பழுதாகும். இம்மியளவு சந்து இருந்தாலும் முதலில் ஓடிப்போவது கனத்த கீழ் ஒலிகள்தாம். சோதனைக்கு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போட்டேன். வலந்தலை கணீரென்று வந்தது. தொப்பியின் கும்கியைக் காணோம். பட்ஸை விரலால் அழுத்தினேன், தொப்பி பேசியது. விரலை எடுத்தேன், வாய் மூடிக்கொண்டது. ஆகவே, ‘தொப்பி பொருந்தாக்கால் தொப்பி கேளாது’ என்பது இவ்வாய்வின் முதல் நூற்பா. முன்னது ரப்பர், பின்னது மிருதங்கத்தின் இடப்பக்கம் என்று உரை கொள்க.

அளவு மாற்றத் துணிந்தேன். கழற்றுவது எளிது: ரப்பரின் பாவாடையைக் காற்றில் கவிழ்ந்த குடைபோல் மடக்கி, அடியைக் கிள்ளிப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். மாட்டுவதில்தான் மானம் போகிறது. பட்ஸின் மூக்கைச் சுற்றி ஒரு மெல்லிய வரப்பு உண்டு. ரப்பரின் உள்வளையம் அந்த வரப்பை முழுக்கத் தாண்டி அமர வேண்டும். ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் நழுவும். பஞ்சர் ஒட்டிய சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றும்போது கடைசி ஒரு சாண் செய்யும் அதே அடம். டயருக்காவது லீவர் இருக்கிறது. இதற்கு நகமே கதி. முக்கால்வாசி ஏறியதை முழுதும் ஏறியதாகக் கொண்டேன். அன்று மாலை மாம்பலம் நடைமேடையில் பட்ஸைக் கழற்றியபோது கருவி கையோடு வந்தது. ரப்பர் காதோடு தங்கியது. ஓராண்டாக எதுவும் நில்லாத இடக்காதில் ஒரு பொருள் நின்றது அன்றுதான்.

மனைவி மொபைல் டார்ச் அடித்துப் பார்த்து, “உள்ளே ஏதோ தெரியுதுங்க” என்றாள். ஹேர்பின்னை நோக்கிப் போன அவள் கையைத் தடுத்து, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். அவர் காதுமடலை மேலாகவும் பின்னாகவும் இழுத்து, இடுக்கியால் ஒரே பிடியில் எடுத்துவிட்டார். எனக்கு ரப்பர் கிடைத்ததைவிட அந்த இழுப்புக் கிடைத்ததே லாபம். வளர்ந்தவர்களின் காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம், நேராக இராது, வளைந்து போகும். மடலை அப்படி இழுத்தால் சற்றே நிமிரும். எனவே பட்ஸ் மாட்டும்போதும் எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மடலை இழுத்துப் பிடித்து, பட்ஸை நுழைத்து, லேசாகத் திருகிவிட்டு மடலை விட வேண்டும். மின்ரயிலில் இதைச் செய்தால் பாதித் தோப்புக்கரணம் என்று எதிர்சீட்டுக்காரர் எண்ணுவார், எண்ணட்டும். முறுக்குப் புதிரும் இங்கேயே அவிழ்கிறது. குழாயின் முன்சுவரை ஒட்டித் தாடை மூட்டு இருப்பதால், மெல்லும்போதெல்லாம் குழாயின் வடிவம் அசைகிறது. முறுக்குக்கு அசைவது இடியாப்பத்துக்கு அசைவதில்லை.

காதுக்கேற்ற அளவு தேடும் பழக்கமே நமக்குப் புதிது. தென்மாவட்டங்களில் தண்டட்டியும் பாம்படமும் அணிந்த பாட்டிமார் அணிக்கேற்பக் காதை வளர்த்தார்கள். துளையில் பஞ்சு வைத்து, ஓலைச்சுருள் செருகி, குணுக்கைத் தொங்கவிட்டுத் தோள்வரை இறக்கினார்கள். சுருட்டிய ஓலை தானாக விரியப் பார்க்கும். அந்த விரிவில் துளை அகலும். இன்று ஃபோம் ரப்பர் என்று கூடுதல் விலைக்கு விற்பதன் சூட்சுமமும் இதுவே. விரலால் உருட்டிச் சுருக்கிக் காதில் வைத்தால் அரை நிமிடத்துக்குள் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஓலையிடம் காது தோற்றது. ஃபோமோ காதிடம் தோற்கிறது.

அளவுகளும் பெருகி வருகின்றன. ஏர்பாட்ஸ் ப்ரோ 2019-இல் 3 அளவு ரப்பரோடு வந்தது. 2022-இல் இரண்டாம் தலைமுறைக்கு 4. 2025-இல் மூன்றாவதற்கு 5. மூன்றாண்டுக்கு ஓர் அளவு. இவ்வீதம் தொடரின் 2100-இல் 30 அளவு ஆகும். தமிழ் முதலெழுத்தின் தொகையும் முப்பதே என்பதைத் தற்செயல் என ஒதுக்க மனம் வரவில்லை. அந்நாள் ரிச்சி தெருவில், “அண்ணே, ‘ஞ்’ சைஸ் இருக்கா?” என்று கேட்பார்கள்.

என் முடிபு: இடக்காதுக்குப் பெரிது, வலக்காதுக்கு நடு. ஒரு தலைக்கு இரண்டு அளவு முறையோ எனின், முறையே. சிவனுக்கு ஒரு செவியில் குழை, மறு செவியில் தோடு என்பது சிற்ப மரபு. அங்கே பொருளே வேறு. இங்கே வெறும் அளவுதான் வேறு. இப்போது கொட்டாவிக்கும் பட்ஸ் அசைவதில்லை. மிருதங்கமும் முழுசாகக் கேட்கிறது.

ஜோடி பிரித்ததில் எஞ்சியவை ஒற்றை நடு, ஒற்றைப் பெரிது, கைபடாத சிறிது இரண்டு. மனைவி அவற்றைத் தன் ஒற்றைத் தோடுகள் கிடக்கும் டப்பாவில் போட்டுவைத்தாள். அங்கே திருகாணி தொலைந்த தோடுகள் மூன்று. நேற்று ஒரு சிறிய ரப்பரை எடுத்துத் தோட்டின் காம்பில் செருகிப் பார்த்தாள். அது நில்லாமல் கழன்று விழுந்தது.

“ஏங்க, இதுல இன்னும் சின்ன சைஸ் வராதா?”