ஆடி மாசக் கவிதைகள்

வா மருமகனே, இப்படித் திண்ணையில உக்காரு. வேலையை எழுதிக் குடுத்துட்டு வரப்போறியாமே? உங்கம்மா நேத்து போன்ல ஒரு பாட்டம் அழுதா. அழுது முடிச்சுட்டு, "அண்ணே, காலாண்டிதழ் நடத்தப்போறேங்குறான், அது என்னண்ணே, கடையா?"ன்னு கேட்டா. "கடைதான் தாயி, என்ன, சரக்கையும் குடுத்து, வந்தவனுக்கு டீயும் வாங்கிக் குடுக்கணும்"னு சொல்லி வச்சிருக்கேன்.

மூஞ்சியத் தூக்காத. நான் உன்னைத் தடுக்க வரல. தடுக்கச் சொன்னாங்க, அது வேற. மதுரையில அச்சாபீஸ்ல எழுத்துக் கோத்தவன் நான். உன்னை மாதிரி ஆளுக எத்தனை பேரு கையெழுத்துப் பிரதியோட படியேறி வந்தாங்கன்னு எனக்குத் தெரியும். ஈய எழுத்தைத் திருப்பிப்போட்டுத்தான் வாசிக்கணும். அந்தப் பழக்கத்துல, யாரு லட்சியம்னு ஒண்ணைக் கொண்டாந்தாலும் நான் கடைசி வரியிலருந்துதான் வாசிப்பேன். கடைசி வரியில பெரும்பாலும் பாக்கித்தொகை இருக்கும்.

கேளு. வைகாசி, ஆவணி, தை வந்துட்டா எங்க ஆபீஸ்ல மூச்சுவிட நேரம் இருக்காது. அம்புட்டும் கல்யாணப் பத்திரிகை. ஆடியும் மார்கழியும் வந்தா டிரெடில் மிஷின் சும்மா கெடக்கும். முதலாளி அப்பத்தான் இலக்கியவாதிகளை உள்ள விடுவாரு. "கவிதைப் பத்திரிகையா தம்பி? முகூர்த்தம் முடியட்டும், ஆடியில வாங்க"ம்பாரு. அந்தத் தம்பிகளும், பண்பாட்டைப் புரட்டிப்போடப் போற சிறப்பிதழைத் தூக்கிக்கிட்டு, ஆடி பொறக்கட்டும்னு பஞ்சாங்கம் பாத்துக்கிட்டு நிப்பாங்க.

கோக்குறது லேசான வேலைன்னு நினைச்சியா? கல்யாணப் பத்திரிகையில எழுத்தெல்லாம் அளவா வரும். காதல் கவிதை வந்துச்சுன்னா ரெண்டாம் பக்கத்துலயே 'நீ' தீந்துபோகும். அது போகட்டும், அந்தப் புள்ளி இருக்கே! வரிக்கு வரி கடைசியில மூணு புள்ளி, சோகம் முத்துனா ஆறு புள்ளி. கேஸ்ல முற்றுப்புள்ளி காலி. அடிச்ச பாரத்தை அவுத்து, எழுத்தை ஒண்ணொண்ணாக் கழுவிப் பிரிச்சு, அதது குழியில போட்டபிறகுதான் அடுத்த கவிஞர் பெருமூச்சு விட முடியும். அதுவரைக்கும் அவரு வாசல்ல நின்னு பீடி குடிப்பாரு.

இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். அந்தப் பெருமூச்சுக்கு ஈயம் வாங்கிப்போட்டது யாரு? கவிதையா? கல்யாணப் பத்திரிகை, பில்புக்கு, காதுகுத்து நோட்டீசு, கண்ணீர் அஞ்சலி. மிஷினுக்குக் கரண்ட் பில்லு கட்டுனது, எனக்குச் சம்பளம் குடுத்தது எல்லாம் அதுதான். கவிதைப் பத்திரிகைக்காரரு முந்தின இதழ் பாக்கியில பாதியக் குடுத்துட்டு, மீதிக்கு ஒரு பிரதியில கையெழுத்துப் போட்டுக் குடுப்பாரு. முதலாளி வாங்கி வச்சுக்குவாரு. நல்ல மனுசன், திட்டுறதைக்கூட அவரு போனபிறகுதான் திட்டுவாரு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. கல்யாணப் பத்திரிகையில பொண்ணோட அப்பா சொன்னதுதான் சட்டம். "மாப்பிள்ளை படிப்பைப் பெருசாப் போடு"ன்னா பெருசாப் போடணும். "சித்தப்பா பேரைக் கீழ தள்ளு"ன்னா தள்ளணும். குடும்பச் சண்டை முழுக்க என் கை வழியாத்தான் போகும். ஆனா கவிதையில ஒரு கமாவைத் தொட எங்க முதலாளிக்கே உரிமை கெடையாது. ஏன்னா அதுக்குக் காசு குடுக்குறது அவரு இல்ல. காசு குடுக்குறவன்தான் மருமகனே புரூஃப் திருத்துவான். இதை மட்டும் மனசுல வச்சுக்க. உன் எழுத்தைச் சோறு போடச் சொன்னேன்னு வையி, நாளைக்கே எவனாவது பச்சை மையை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துருவான். இப்ப உன் சம்பளம் மாசம் பொறந்தா கணக்குல விழுகுது, அதனால நீ யாரைப் பத்தி வேணாலும் எழுதுற. அந்தத் திமிரு எங்கிருந்து வருதுன்னு நினைச்ச? ஓசூர்ல நீ பாக்குற அந்தக் கம்பெனி வேலையிலருந்து வருது.

என்ன, கல்கி இல்லையாங்குறியா? அப்படி வா. இருந்தாரு. ஆனந்த விகடன்லருந்து வெளிய வந்து 1941ல சொந்தமாப் பத்திரிகை ஆரம்பிச்சாரு, ஓகோன்னு ஓடுச்சு. ஆனா அதுக்குப் பின்னால யாரு இருந்தா? கணக்குவழக்கு, விளம்பரம், விற்பனைன்னு பாத்துக்கிட சதாசிவம் இருந்தாரு. முதலுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா 'சாவித்திரி' படத்துல நாரதர் வேஷம் கட்டி, அந்தப் பணத்தைக் கொண்டாந்து குடுத்தாங்க. எழுதுறவரு ஒருத்தரு, விக்கிறவரு ஒருத்தரு, தம்பூரா எடுத்துக்கிட்டுப் போய்ச் சம்பாதிச்சவங்க ஒருத்தங்க. உன் பத்திரிகைக்கு நாரதர் வேஷம் கட்ட யாரு இருக்கா? உங்கம்மாவா? அவளுக்குப் பாட வராது. கலகம் வேணும்னா பண்ணுவா.

இன்னொரு பக்கம் பாரு. சி.சு. செல்லப்பா, நம்ம வத்தலக்குண்டு பக்கத்து மனுசன். 1959 ஜனவரியில 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பிச்சாரு. 1970 வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போனாரு, 119 இதழ். புதுக்கவிதை இன்னைக்கு நிக்குதுன்னா அந்தத் தரையில நிக்குது. விக்கிறதுக்கு ஆள் இல்லாம, புத்தகத்தைப் பையில போட்டு, தோள்ல சுமந்து காலேஜ் காலேஜா ஏறி இறங்குனாரு. அவரு 1998ல போனாரு. சாகித்ய அகாதமி விருது 2001ல வந்துச்சு. அவசரப்படாமத்தான் வந்துச்சு. அவரை நான் கேலி பண்ணல, கும்பிடுறேன். ஆனா நீ ரெண்டாவது மாடிக்கே லிப்ட் தேடுற ஆளு. அவரு பாதையில போறேன்னா முதல்ல அந்தத் தோளைக் காட்டு, பாத்துட்டுச் சொல்றேன்.

பாரதியாரே 1920ல கடையத்துல உக்காந்து ஒரு திட்டம் போட்டாரு. தன்னோட எழுத்தையெல்லாம் நாப்பது புத்தகமாப் போடுறது, ஒவ்வொண்ணும் 10,000 பிரதி, தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு விக்கும்னு. கடன் குடுங்கன்னு ஊரெல்லாம் கேட்டு எழுதுனாரு. விக்கும்ங்குறதுல அவரு கணக்கு சரி, வருசம்தான் தப்பு. அந்த வருசக் கடைசியில சுதேசமித்திரன் ஆபீசுக்கே திரும்ப வேலைக்குப் போனாரு. அடுத்த செப்டம்பர்ல ஆளே இல்ல. 1949ல அவரு எழுத்தோட உரிமையைச் சர்க்காரே வாங்குச்சு. மகாகவிக்கே மாசச் சம்பளம் தேவைப்பட்டுச்சு, உனக்கு வேண்டாமாக்கும்.

"வேலையில இருந்தா எழுத்து செத்துப்போகும் மாமா"ங்குற. யாரு சொன்னது? லா.ச.ரா. பஞ்சாப் நேஷனல் பாங்க்ல இருந்தாரு. பகல்ல லெட்ஜரு, ராத்திரியில அப்படியொரு தமிழு. தி. ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ரேடியோவுக்குப் போனாரு. சுந்தர ராமசாமி நாகர்கோவில்ல ஜவுளிக்கடையில உக்காந்துக்கிட்டே எழுதுனாரு. சுஜாதா பெங்களூர் பெல் கம்பெனியில இன்ஜினியரு. இவங்கெல்லாம் ஆபீசு சம்பளம் வாங்குனதால இவங்க வரியில ஏதாவது ஈரம் கம்மியா இருக்கா?

அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவை விட்டுட்டு வந்தாரேங்குறியா? வந்தாரு, 1966ல. ஆனா 1952லருந்து உள்ள இருந்து, யாரு எப்படி நடக்குறான், எந்த லைட்டு எப்ப அணையுது, யாருக்குச் சாப்பாடு வருது, யாருக்கு வரலன்னு அம்புட்டையும் பாத்துட்டு வந்தாரு. 'கரைந்த நிழல்கள்' அப்புறம் எங்கருந்து வந்துச்சு? அதனால உனக்கு ஒண்ணு சொல்றேன். வேலையைத் தூக்கிப் போடு, வேண்டாங்கல. போடுறதுக்கு முன்னாடி அதுக்குள்ள ஒரு நாவல் கெடக்கான்னு உதறிப் பாத்துட்டுப் போடு. உன் கம்பெனியில கேன்டீன்காரர் ஒருத்தரு மேனேஜருக்கு மட்டும் வடையை ரெண்டாம் எண்ணெயில போட மாட்டாருன்னு நீதானே சொன்ன? அதை எழுதுனியாடா? அதை விட்டுட்டு இருத்தலின் வெறுமைன்னு பதினாறு பக்கம் எழுதியிருக்க. வெறுமையை நாங்களே வச்சிருக்கோம், வடையைச் சொல்லு.

சரி, புத்தகம் போட்டுப் பிழைப்பேங்குற. பேப்பர் எடு. விலை 200 ரூபான்னு வையி. ராயல்டி பத்து சதம், பிரதிக்கு 20 ரூபா. எங்க காலத்துல 1200 பிரதி அடிப்பாங்க. இப்பத்தான் நூறு கேட்டாலும் நூறு, அம்பது கேட்டாலும் அம்பதுன்னு அடிச்சுக் குடுக்குறானே. நல்லாப் போயி முன்னூறு வித்துச்சுன்னா 6,000 ரூபா, அதுவும் பதிப்பாளரு போனை எடுத்தா. உன் பைக்குக்கு ரெண்டு மாசத் தவணை. மூணாவது மாசம் நடந்து போயிக் கவிதை வாசிக்கணும். பத்திரிகைக்கணக்கு இதைவிடச் சுத்தம். பதிவு வாங்குனாத்தான் சலுகைத் தபாலு. கடைக்காரரு கமிஷன் எடுத்துக்கிட்டு, "வித்தாத் தர்றேன் தம்பி"ம்பாரு. நீ அடுத்த இதழோட போவ. பழைய இதழ்க்கட்டு மேசைக்கு அடியில, ஆடுற காலுக்கு முட்டுக்குடுத்துக்கிட்டு இருக்கும். இலக்கியம் சமுதாயத்தைத் தாங்கும்னு சொல்றாங்கல்ல, அதை அங்கதான் நான் நேர்ல பாத்தேன்.

"அப்ப ஓய்வு பெத்த பிறகு எழுதுறேன்"னு அந்தப் பக்கமும் சாஞ்சுறாத. அது இதைவிடப் பெரிய சோம்பேறித்தனம். ஓய்வு பெத்தவன் எழுத மாட்டான், பிரஷர் மாத்திரை மாத்தணுமா வேண்டாமான்னு வாட்சப்புல விவாதிப்பான். காலையில ஒரு மணி நேரத்தை எடு. அஞ்சரையிலருந்து ஆறரை. அந்த ஒரு மணி நேரத்துல ஒரு பக்கம் எழுதத் தெரியாதவனுக்குப் பத்து மணி நேரம் குடுத்தா, எட்டு மணி நேரம் டீக்கடையில நிப்பான், மீதி ரெண்டு மணி நேரம் எழுதவிடாத சமூகத்தைத் திட்டுவான். வேலையை விட்டா நேரம் கெடைக்கும்னு நினைக்கிற. கெடைக்காது. வீட்டுல சும்மா இருக்கான்னு தெரிஞ்சா கேஸ் சிலிண்டரு, ரேஷன் கடை, அத்தைக்கு ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் உன்னைத்தான் அனுப்புவாங்க. ஆபீஸ் போறவனைத்தான் மருமகனே இந்த நாட்டுல யாரும் தொந்தரவு பண்றதில்ல.

அதுக்காக ஓசியில எழுதிக் குடுத்துக்கிட்டே திரியாத. இதுலதான் உங்க கூட்டம் ஏமாந்த கூட்டம். "தம்பி நல்லா எழுதுவாரு"ன்னு சொல்லி, கோயில் மலருக்கு ஒரு வாழ்த்து, ஜவுளிக்கடைக்கு ஒரு விளம்பரம், எம்.எல்.ஏ. அண்ணனுக்கு ஒரு பேச்சுன்னு வாங்கிட்டுப் போயிருவாங்க. நீயும் கூச்சப்பட்டுக்கிட்டு, "பரவாயில்லண்ணே"ம்ப. நாங்க கண்ணீர் அஞ்சலிக்கே அட்வான்ஸ் வாங்குன ஆளுக. செத்தவரு திரும்பி வந்து காசு குடுக்க மாட்டாருல்ல. அடுத்தவனுக்காக எழுதுறதுக்கு விலை சொல்லு, தலையை நிமித்திச் சொல்லு. உனக்காக எழுதுறதை மட்டும் எவன் கையிலயும் விலை கேக்க விடாத. இந்த ரெண்டையும் ஒரே நோட்டுல எழுதுறதாலதான் வீட்டுலயும் சண்டை, எழுத்துலயும் சண்டை.

கடைசியா ஒண்ணு, இது கொஞ்சம் சுடும். நாளைக்குக் கல்யாணம் ஆகும். "நான் எழுத்துக்காகத் தியாகம் பண்ணேன்"னு மேடையில பேசுவ. கீழ மூணாவது வரிசையில உன் பொண்டாட்டி உக்காந்திருப்பா, கழுத்துல மஞ்சக்கயிறு மட்டும் இருக்கும். தங்கம் எந்த இதழோட போச்சுன்னு அவளுக்குத்தான் தெரியும். தியாகம் பண்றதுன்னா நீ பண்ணு. டீயை விடு, பைக்கை வித்துட்டு பஸ்ல போ, தூக்கத்துல ஒரு மணி நேரத்தை வெட்டு. அடுத்தவ கழுத்துல இருக்குறதைக் கழட்டிட்டு நீ தியாகி ஆகாத. அதுக்கு எங்க அகராதியில வேற பேரு.

சரி சரி, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? பத்திரிகையை நடத்து. வருசத்துக்கு நாலு இதழ்தானே, சம்பளம் வாங்கிக்கிட்டே நடத்து. உன் கணக்குல இதுக்குன்னு ஒரு தொகை ஒதுக்கு, அது தீந்தா இதழைத் தள்ளிப்போடு, கடன் வாங்காத. ஒரு வருசம் இப்படி ஓட்டிட்டு வா, அப்ப வேலையை விடுறதைப் பத்திப் பேசுவோம். புரூஃப் நான் பாத்துத் தர்றேன், ஓசிக்குத்தான். எனக்குப் பென்ஷன் வருது, அந்தத் திமிருல பாப்பேன். ஆனா வரிக்கு ஆறு புள்ளி வச்சவன் கவிதையில அஞ்சை எடுத்துருவேன், சொல்லிட்டேன்.

சந்தா எவ்வளவு? ஆயுள் சந்தா 3,000, ஒரு வருசத்துக்கு 300ஆ? எனக்கு எழுபத்தெட்டு வயசு, சர்க்கரை இருக்கு, ஒரு கண்ணுல புரை எடுத்தாச்சு. இருந்தாலும் உன் பத்திரிகையைவிட நான் தெம்பாத்தான் இருக்கேன். இந்தா முன்னூறு. ஒரு வருசத்துக்கு எழுதிக்க, ரசீதைக் கிழிச்சுக் குடு.