இங்கன ஒரு கட்டில் போடலாம்லா?

அண்ணாச்சி எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், செருப்பைக் கழற்றும்போதே கண் தரையை அளக்க ஆரம்பித்துவிடும். ஆறடிக்கு மூன்றடி. மனுசருக்குத் தெரிந்த ஒரே அளவு அதுதான். அளந்து முடித்ததும் மெதுவாகச் சொல்வார்: “தம்பி, இங்கன ஒரு கட்டில் போடலாம்லா?”

கட்டில் என்றால் இரும்பில் இரண்டடுக்கு. மேலே ஒருவன், கீழே ஒருவன். துபாய் முரக்கபாத்தில் நான் மேல்கட்டில்வாசி. மாதம் 750 திர்ஹம். நான் வந்த நாளில் ஹாலில் ஒரு சோபா இருந்தது. அடுத்த வாரம் சோபா போய்க் கட்டில் வந்தது. பிறகு ஜிப்சம் தட்டி வைத்து ஹாலை மூன்றாகப் பிளந்தார். பால்கனியில் முன்பு துணி காய்ந்தது. அப்புறம் ஒரு மதுரைக்காரர் காய்ந்தார். சாப்பாட்டு மேசையைத் தூக்கிய அன்று, “நின்னு சாப்பிட்டா நல்லா சீரணமாகும்” என்றார்.

அறைக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனோம். அண்ணாச்சி நோயாளியை விட்டுவிட்டு வார்டையே பார்த்தார். “ஆளுக்கொரு கட்டில், அதுவும் ஒத்தக் கட்டில்! எப்படிவே கட்டுப்படியாகுது?” ஊரிலிருந்து வந்த மச்சானையும் என்னையும் புர்ஜ் கலீஃபாவின் 124-வது மாடிக்குக் கூட்டிப்போனார். எல்லாரும் கண்ணாடி வழியாக ஊரைப் பார்க்க, இவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் பார்த்த பார்வையிலேயே புரிந்துகொண்டு, “சும்மா சொல்லுதேன், இருபது தாங்கும்” என்றார்.

ஊருக்குப் போனில், “துபாயில ப்ராப்பர்ட்டில போட்டிருக்கேன்” என்பார். ப்ராப்பர்ட்டி ஒரு அரபியுடையது. அண்ணாச்சியுடையவை ஏழு கட்டிலும் தட்டிகளும். 14 பேர், ஆளுக்கு 750. மாதம் 10,500, வருசம் 1,26,000. வீட்டு வாடகை 75,000, நாலு செக். டேவா என்கிற மின்சார, தண்ணீர் பில்லோடு வீட்டு வாடகையில் 5 சதவீதம் முனிசிபாலிட்டிக் கட்டணமும் சேர்ந்து வரும். அதை 14-ஆல் வகுத்து, தசமப் புள்ளி தப்பாமல் எங்கள் தலையில் வைப்பார். தெருக் கம்பத்தில் அவர் ஒட்டும் காகிதத்தில் மட்டும் ‘எக்ஸிகியூட்டிவ் பேச்சலர்’ என்றிருக்கும். ஊரில் பெண்டாட்டியும் பிள்ளைகளும் உள்ள எங்களைத்தான் சொல்கிறார்.

நல்லவர்தான். வேலை போன பையனிடம் மூன்று மாதம் வாடகை கேட்கவில்லை. கீழ்க்கட்டிலிலிருந்து மேலே ஏற்றிவிட்டார், அவ்வளவுதான். ஊரில் நாலு படுக்கையறை வைத்துக் கட்டிய வீட்டில் அவருடைய அம்மா தனியாக இருக்கிறார். இங்கே அண்ணாச்சி படுத்தது சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே, பாயை விரித்து. தன் கட்டிலை எப்போதோ வாடகைக்கு விட்டாயிற்று.

2025 ஜூனில், அனுமதியில்லாத தடுப்புகளை அகற்ற துபாய் முனிசிபாலிட்டி ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பகுதிகளில் இறங்கியதும் எங்கள் சிரிப்பு நின்றது. தீப்பிடித்தால் தட்டி வழியை மறிக்கும். அவர்கள் செய்தது நியாயம். ஒரே ராத்திரியில் தட்டி கழன்றது, கட்டில் கழன்றது, நாங்கள் பெட்டியோடு தெருவில் நின்றோம். டெபாசிட் 500 திர்ஹமைக் கேட்டால் இன்றுவரை “பாக்கலாம் தம்பி” என்கிறார். ரசீது எங்களில் ஒருவரிடமும் இல்லை.

துபாயின் 2007-ஆம் ஆண்டு 26-ஆம் எண் வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் உள்வாடகைக்கு விடக்கூடாது. அப்படி விட்டதற்காக உரிமையாளர் காலி செய்ய வைத்தால் உள்வாடகைக்காரனும் சேர்ந்தே வெளியேற வேண்டும். நஷ்டஈட்டை அண்ணாச்சியிடம்தான் கேட்க வேண்டும். அதனால், கட்டில் தேடி வருகிறவர்களே, மேலா கீழா என்று கேட்பதற்கு முன்னால் இஜாரி என்கிற வாடகை ஒப்பந்தப் பதிவு யார் பேரில் இருக்கிறது, அதில் நம் பேரும் ஏறுமா என்று கேளுங்கள். டெபாசிட்டுக்கு ரசீது வாங்காமல் பெட்டியை உள்ளே வைக்காதீர்கள்.