இரண்டு ரூபாய் விருந்து

கடலூர், சிதம்பரம்காரர்களையும் பிசினஸ் கிளாஸ் பிரபுக்களாக்கிய கிரெடிட் கார்டுகள் வாழ்க! தேய்த்தால் இரண்டு ரூபாய்; சென்னை விமான நிலைய லவுஞ்சில் இட்லி, பொங்கல், பக்கத்து சோபாவில் கோட்டுப் போட்டவர். இதற்காக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பஸ்ஸில் குலுங்கி, ஆயிரக்கணக்கில் டிக்கெட் எடுப்பதெல்லாம் ஒரு செலவா?

ஒரே இடைஞ்சல், விமானம். இரண்டாவது தட்டு நிரம்பும்போதுதான் போர்டிங் என்று கூப்பிடுவார்கள். அதற்கும் நம் மாவட்டத்தில் வழியுண்டு. நெய்வேலியில் ஓடுபாதை இருக்கிறது, உடான் விமானத் திட்டப் பட்டியலில் பெயர் இருக்கிறது, விமானம்தான் வருவதில்லை. அங்கே லவுஞ்சை மட்டும் திறந்துவிட்டால் பந்தியிலிருந்து யாரும் எழுப்ப மாட்டார்கள்.

சிதம்பரம் ரயிலடியில் ஒருவரிடம் சொன்னேன். “இங்கேயே வெயிட்டிங் ரூம் இருக்கே சார், ரயில்கூட வருது” என்றார்.

பாவம், அங்கே கார்டை எங்கே தேய்ப்பது?