கணக்குக்குப் பயந்த அம்மிணி

வா அம்மிணி, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, படிக்கற எடத்துல கணக்குக் குடுத்துட்டாங்க. கணக்கு வாத்தியார் எதுக்க வந்தா இட்டேரி மாத்திப் போன புள்ளையல்லோ நீ! அதுக்குப் பயந்துதானே மாட்டாஸ்பத்திரி நர்சு படிப்புல போயிச் சேந்தே? மாடு கணக்குக் கேக்காதுன்னு எவனோ சொல்லியிருக்கறான். மாடு கேக்காது சாமி, ஊசி கேக்குமே.

நீ எதுக்கு மெனக்கெடறே? வடக்காலூட்டு மாமனப் பாரு. ஆட்டுக்குப் புழு மருந்து ஊத்தறதுன்னா கெடாவுக்கும் ஒரு மூடி, குட்டிக்கும் ஒரு மூடி. என்னா ஒரு சமதர்மம்! கெடாவுக்குக் கொறைஞ்சு போறதுல, சாகாத புழுவெல்லாம் அந்த மருந்துக்கே பழகிக் குட்டி குட்டியாப் பெருகுது. ஆடு வளக்கறானோ இல்லையோ, புழுவ நெம்ப நல்லா வளக்கறான். நீயும் அவங்கிட்டயே தொழில் பழகிக்கலாம், பீசு மிச்சம்.

அதென்ன சொன்னே, புட்டியில 1 சதவீதம்னு போட்டிருக்கறது புரியலையா? உங்கொம்மா கைமாத்து வாங்குன 5000 ரூவாய்க்கு ரெண்டு வட்டின்னா மாசம் எவ்வளவுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் 100-ம்பே. அதே நூத்துக் கணக்குதான் இதுவும். 100 மில்லியில 1 கிராம் மருந்து. கிராமுன்னா 1000 மில்லிகிராம். அப்ப 1 மில்லிக்குள்ள 10 மில்லிகிராம். புழுவுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசி கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்னா, 300 கிலோ காங்கேயங்காளைக்கு 60 மில்லிகிராம். ஊசியில 6 மில்லி இழுக்கோணும். முடிஞ்சுது. இதுக்கா ராத்திரி சோறு வேண்டாம்னே?

காளைய எந்தத் தராசுல நிறுத்தறதுன்னு முழிக்காதே. டேப்ப எடுத்து, முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சச் சுத்தி அளந்துக்க. தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரைக்கும் நீளம் பாரு. எல்லாம் அங்குலத்துல. சுத்தளவ அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 660-ஆல வகுத்தா கிலோ. சுத்தளவு 60, நீளம் 54-ன்னா 295 கிலோவுக்குக் கிட்ட வரும். டேப்போட பின்னங்கால் பக்கம் மட்டும் போயி நிக்காதே. அந்தக் கணக்கு எந்தப் பொஸ்தகத்துலயும் இல்ல.

வாத்தியாருக்குப் பயப்படாட்டியும் புள்ளிக்குப் பயப்படு. 0.5-ன்னு எழுதச் சோம்பப்பட்டு வெறும் .5-ன்னு கிறுக்கிட்டுப் போவே. அடுத்த ஆளு புள்ளிய ஈ எச்சம்னு நெனைச்சா 5 மில்லி உள்ள போயிரும். அப்பறம் மாட்டுக்காரன் மூஞ்சியில முழிக்கறது ஆரு? அப்படித்தான் மயக்க ஊசியும். சைலசின்னு ஒண்ணு. அந்தியூர்ச் சந்தைக் குதிரைக்குப் போடற அளவுல பத்துல ஒரு பங்கு போதும், மாடு சாஞ்சுரும். ரெண்டுக்கும் நாலு காலுதானேன்னு குதிரைக் கணக்க மாட்டுக்குப் போட்டுறாதே. நீ போட்டாலும் போடுவே.

சொட்டுக் கணக்கா? அது கெடக்குது. டிரிப் குழாய்ப் பாக்கெட்டுலயே மில்லிக்கு 20 சொட்டோ 60 சொட்டோன்னு அச்சடிச்சிருப்பான், படிக்கத் தெரிஞ்சாப் போதும். ஆனா பால் சொரத்துல விழுந்த மாட்டுக்குக் கால்சியம் ஏத்தயில மட்டும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு அவசரப்படாதே. வேகமா எறங்குனா நெஞ்சே நின்னுரும்.

சோறு இருக்கட்டும், ஆறாது. அந்தப் பொலிக்கெடாவுக்கு 1 சதவீத ஊசி எத்தனை மில்லின்னு சொல்லு பாக்கலாம். எடையா? நேத்து வெல கேக்க வந்தவங்கிட்ட 35 கிலோன்னு சொன்னேன். நீ மருந்துக்கு 28-ன்னு வெச்சுக்க. என்ன சிரிக்கறே? செரி, நம்பிக்கையில்லாட்டித் தராசுலயே நிறுத்திக்க. மத்தியானம் அவன் மறுக்கா வர்றான், அதுக்குள்ள தராசக் கொண்டுபோயிப் பொடக்காளியில வெச்சுரு.