ஆசியா பாடட்டும்!

ஆசிய, பசிபிக் நாடுகள் எல்லாம் ஒரே மேடையில் பாட்டுப் போட்டி நடத்தினால் எப்படி இருக்கும்? கற்பனை செய்து கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றிலிருந்து சில.

கேள்வி: யூரோவிஷன் யூரோவிஷன் என்கிறார்களே, அது என்ன சார்?
*– தென்காசி வாசகர்*

ஐரோப்பியத் தொலைக்காட்சி நிலையங்கள் சேர்ந்து வருஷா வருஷம் நடத்தும் பாட்டுப் போட்டி. நாட்டுக்கு ஒரு பாட்டு. மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போடக் கூடாது. 1956இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினோரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஜெர்மனியும் பிரான்சும் ஒரே மேடையில் பாடிவிட்டன. 1974இல் ஸ்வீடனின் 'அபா' குழுவையும், 1988இல் சுவிட்சர்லாந்துக்காகப் பாடிய கனடாப் பெண் செலின் டியானையும் உலகம் கண்டுகொண்டது இந்த மேடையில்தான்.

கேள்வி: நம் பக்கத்தில் இப்படி யாருமே முயன்றதில்லையா?
*– திருச்சி வாசகி*

முயன்றிருக்கிறார்கள். யமஹா நிறுவனம் 1970 முதல் 1989 வரை டோக்கியோவில் உலகப் பாட்டு விழா நடத்தியது. கஜகஸ்தானில் அல்மாத்தி நகருக்கு மேலே, மலைப் பள்ளத்தாக்கில் இருக்கும் மெதேவு பனிச்சறுக்குத் திடலில் 1990 முதல் 'ஆசியாவின் குரல்' ஒலித்தது. தொண்ணூறுகளில் 'ஏஷியா பாகுஸ்' என்ற நிகழ்ச்சி சிங்கப்பூரில் படமாகிப் பல நாடுகளில் ஓடியது. இந்தோனேசியாவின் க்ரிஸ்தயாந்தி அதில் ஜெயித்துத்தான் நட்சத்திரமானார். ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 1964இல் தொடங்கியது, தலைமையகம் கோலாலம்பூர். அதுவும் எண்பதுகளில் ஒரு போட்டியை நடத்திப் பார்த்தது. 2012இல் சியோலில் மறுபடி மேடை போட்டபோது தொலைக்காட்சிப் பாட்டு விழாவில் பரிசும் வைக்கவில்லை, மதிப்பெண்ணும் வைக்கவில்லை. எல்லோரும் பாடினார்கள், எல்லோருக்கும் கைதட்டல். விழாவாக அது நல்ல விழா. ஆனால் யார் ஜெயிப்பார் என்ற படபடப்பு இல்லாமல் பக்கத்து நாட்டுப் பாட்டை ராத்திரி மூன்று மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

பெரிய முயற்சி 2016இல் வந்தது. ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். நிலையம் யூரோவிஷனின் ஆசியப் பதிப்பைக் கொண்டுவருவதாக அறிவித்தது. கோல்ட் கோஸ்ட் நகரில் மேடை என்றுகூடப் பேசப்பட்டது. 2021இல் அதே நிலையம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

ஐரோப்பாவில் மட்டும் எப்படி நிலைத்தது? அங்கே ஒலிபரப்பாளர்களின் ஒன்றியம் 1950இல் வந்தது. நாடுகளுக்கு இடையே நிகழ்ச்சிகளைக் கடத்தும் இணைப்பு 1954இல் வந்தது. அந்த இணைப்பில் எதை அனுப்பலாம் என்று யோசித்தபோதுதான் பாட்டுப் போட்டி பிறந்தது. பாதை முதலில், பாட்டு பிறகு. நம் பக்கம் ஒவ்வொரு முறையும் மேடையைக் கட்டிவிட்டு அப்புறம் பாதை தேடியிருக்கிறோம். இடையில் வணிக நிறுவனங்கள், விளம்பரக் கணக்கு, உரிமத் தொகை. அரசு ஒலிபரப்பு நிலையங்கள் பொறுப்பெடுக்காமல் இது நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: ஐரோப்பியப் போட்டியில் ஆஸ்திரேலியாவுக்கு என்ன வேலை?
*– கிள்ளான் வாசகர், மலேசியா*

இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த நாடு அது, எஸ்.பி.எஸ். 1983 முதலே யூரோவிஷனை ஒளிபரப்பி வருகிறது. சிட்னியில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்க்கிறார்கள். அந்த அன்புக்கு மரியாதையாக, 60ஆவது போட்டிக்கு 2015இல் விருந்தினராக அழைத்தார்கள். பாடப் போனவர் கை செபாஸ்டியன். பிறந்தது உங்கள் கிள்ளானில்! ஐந்தாம் இடம் பிடித்தார். மறு வருஷம் போனவர் தாமி இம், தென் கொரியாவில் பிறந்தவர். நடுவர்கள் அவரைத்தான் முதலிடத்தில் வைத்தார்கள். மக்கள் ஓட்டும் சேர்ந்தபோது 23 புள்ளியில் உக்ரைனின் ஜமாலா முந்திக்கொண்டார். ஆசியாவில் பிறந்த இரண்டு குரல்கள் ஐரோப்பாவின் மேடையை அடுத்தடுத்து ஆட்டிவிட்டு வந்திருக்கின்றன. சொந்த மேடை கேட்க நமக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

கேள்வி: எல்லோரும் ஆங்கிலத்தில் பாடிவிட்டால்?
*– மதுரை வாசகர்*

என் போட்டியில் அது நடக்காது. முதல் விதியே தாய்நாட்டு மொழியில் பாட வேண்டும் என்பதுதான்.

யூரோவிஷனில் இந்த விதி வந்தது, போனது, மறுபடி வந்தது. 1999 முதல் அடியோடு போனது. அதன் பிறகு ஆங்கிலம் மேடையை நிறைத்தது. ஜெயிக்க ஆங்கிலம்தான் வழி என்று எல்லோரும் நம்பியபோது, 2017இல் போர்ச்சுகலின் சல்வடோர் சொப்ரால், ஆட்டமும் வாணவேடிக்கையும் இல்லாமல், தன் மொழியில் ஒரு காதல் பாட்டை மெல்லப் பாடி முதல் பரிசை எடுத்துப்போனார். அதற்கும் முன்னால், 2003இல் பெல்ஜியம் உலகத்தில் எவரும் பேசாத, பாட்டுக்கென்றே உண்டாக்கிய ஒரு மொழியில் பாடியது. இரண்டே புள்ளியில் துருக்கியிடம் தோற்றது! அர்த்தமே இல்லாத மொழிக்கு அவ்வளவு ஓட்டு விழுமானால், தமிழுக்கும் தாய்லாந்து மொழிக்கும் மங்கோலியனுக்கும் என்ன தயக்கம்?

நம் பக்கத்திலேயே பெரிய சான்று உண்டு. 1963இல் ஜப்பானின் க்யூ சகமோட்டோ முழுக்க முழுக்க ஜப்பானிய மொழியில் பாடிய பாட்டு அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பியர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி இருபத்திரண்டு வருஷம்கூட ஆகாத அமெரிக்கா அது. வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வரியும் புரிந்திருக்காது. குரலில் இருந்த தவிப்பு புரிந்தது.

கேள்வி: தமிழ்ப் பாட்டு மேடை ஏறுமா? இந்தியா என்றால் இந்திப் பாட்டைத்தானே அனுப்புவார்கள்?
*– சிங்கப்பூர் வாசகி*

நீங்கள் இருக்கும் நாட்டையே மறந்துவிட்டீர்களே! சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று தமிழ். இலங்கையிலும் ஆட்சிமொழி. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன, தமிழில் பாட்டுக் கட்டும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்தியாவையும் சேர்த்தால் தமிழுக்கு நாலு வாசல். எத்தனை மொழிகளுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு?

இந்தியா முறை வைத்து அனுப்பட்டும் என்பேன். அரசியல் சட்டத்தின் அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. ஒரு வருஷம் சந்தாலி, ஒரு வருஷம் மணிப்புரி, ஒரு வருஷம் தமிழ். அப்போதுதான் இந்தியாவே இந்தியாவைக் கேட்கும்.

இன்னொரு யோசனையும் உண்டு. 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய தன் பாட்டியின் நினைவில் அறிவு எழுதியது. கூடப் பாடிய தீ ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இது எந்த நாட்டுப் பாட்டு? இரண்டு நாடுகள் சேர்ந்து ஒரே பாட்டை அனுப்பவும் விதியில் இடம் வேண்டும்.

கேள்வி: 140 கோடிப் பேர் கைப்பேசியை எடுத்தால் இந்தியாதானே ஜெயிக்கும்?
*– சேலம் வாசகர்*

சொந்த நாட்டுக்கு ஓட்டு இல்லை என்ற ஒரே விதியில் அந்தக் கவலை தீர்ந்தது. அடுத்து, தலைகளை எண்ணக் கூடாது. நாடுகளை எண்ண வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் விழும் ஓட்டை வரிசைப்படுத்தி, முதல் பாட்டுக்கு 12, அடுத்ததற்கு 10, பிறகு 8 முதல் 1 வரை. யூரோவிஷனில் 1975 முதல் இந்த அளவுகோல்தான். சுமார் 11 ஆயிரம் பேர் வாழும் பசிபிக் தீவு நாடான துவாலு கொடுக்கும் பன்னிரண்டும் இந்தியா கொடுக்கும் பன்னிரண்டும் ஒன்றே.

பக்கத்து வீட்டுப் பாசத்தை மட்டும் எந்த விதியாலும் தடுக்க முடியாது. கிரீசும் சைப்ரசும் ஒன்றுக்கொன்று பன்னிரண்டு கொடுப்பதை அரங்கமே எதிர்பார்த்துக் காத்திருக்கும். அதைத் தணிக்கத்தான் பாதி நடுவர், பாதி மக்கள் என்ற ஏற்பாடு. ஒரே மெட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஓட்டுப் போடுவதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை.

கேள்வி: இந்தியா–பாகிஸ்தான், இரண்டு கொரியா, சீனா–தைவான். பாட்டு முடிவதற்குள் சண்டை வராதா?
*– நாகர்கோவில் வாசகர்*

வரும். யூரோவிஷனிலும் வந்தது. 1978இல் இஸ்ரேல் பாடிய நேரத்தில் ஜோர்டான் தொலைக்காட்சி பூக்களின் படத்தைக் காட்டியது. இஸ்ரேல் ஜெயித்தபோது, ஜெயித்தது பெல்ஜியம் என்று சொல்லிவிட்டது. 2005இல் லெபனான் சேருவதாக இருந்தது. இஸ்ரேலின் பாட்டை ஒளிபரப்புவோம் என்று உறுதி தர முடியாமல் விலகியது. 2018இல் சீனாவின் மாங்கோ டிவி சில நாடுகளின் பாட்டை வெட்டியதும், அதனோடு போட்ட ஒப்பந்தத்தை ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் முறித்தது.

எனவே இரண்டாவது விதி: ஒளிபரப்பினால் முழுசாக ஒளிபரப்பு, இல்லையேல் சேராதே. இதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. எதிரி நாட்டுப் பாட்டை மூன்று நிமிடம் வெட்டாமல் தன் மக்களுக்குக் கேட்கக் கொடுக்கும் அரசு, சிறிய காரியம் செய்யவில்லை. இந்த மேடை எனக்கு வேண்டும் என்பதே அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான். லாகூரில் ஒருத்தி நம் பாட்டை முணுமுணுக்க வேண்டும், நம் பிள்ளைகள் அவள் பாட்டை முணுமுணுக்க வேண்டும்.

கேள்வி: கே-பாப் இருக்கும்போது வேறு யார் ஜெயிப்பார்கள்?
*– கோவை கல்லூரி மாணவி*

2025இல் மாஸ்கோ அருகே இன்டர்விஷன் என்ற போட்டி நடந்தது, இந்தியாவும் பாடியது. ஜெயித்தது வியட்நாமின் துக் ஃபுக். யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது. மங்கோலியாவில் ஒரே தொண்டையில் இரண்டு சுரங்களை ஒன்றாக எழுப்புகிறார்கள். இந்தோனேசியாவின் 'டங்டுட்' இந்தி சினிமாப் பாட்டையும் மலாய், அரபு மெட்டுகளையும் கலந்து எழுந்தது. அந்த மேளத்தைக் கேட்டால் தபலா பக்கத்து அறையில் இருப்பது போலிருக்கும். பசிபிக்கில் 'தே வாக்கா' குழுவின் ஒபெதையா ஃபோவாயி சமோவாவில் பிறந்தவர். தாய் துவாலு, தந்தை டோக்கலாவ். ஓர் ஊரின் ஜனத்தொகைகூடப் பேசாத தீவு மொழியில் பாடி, 2016இல் வந்த 'மோவானா' படம் வழியாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தார். கொரியாவுக்கு என் பாராட்டு. பரிசை எழுதிக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: சரி, துவாலு ஜெயித்தால் அடுத்த வருஷம் மேடை எங்கே?
*– அதே கல்லூரி, இன்னொரு மாணவி*

துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் பெரிய திறந்தவெளி என்றால் விமான ஓடுபாதைதான்; மாலையில் ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் விளையாடுகிறார்கள். 2022இல் உக்ரைன் ஜெயித்தது; போர் காரணமாக 2023இல் அதற்காக பிரிட்டன் லிவர்பூலில் நடத்திக் கொடுத்தது. துவாலு மக்கள் ஏராளமாக வாழும் ஆக்லாந்து, துவாலுவுக்காக நடத்திக் கொடுக்கட்டும். தொடக்கத்தில் அவர்களுடைய 'ஃபாத்தேலே' ஆட்டம்.

கேள்வி: போட்டியொண்டும் இல்லாமல்தானே 'சுராங்கனி' கடல் தாண்டினது? பாட்டுக்குப் போட்டி என்னத்துக்கு?
*– யாழ்ப்பாண வாசகர்*

நல்ல அடி ஐயா. போர்த்துக்கீசியரும் ஆப்பிரிக்கரும் விட்டுப்போன தாளத்தில் பிறந்தது பைலா. அந்த வகைப் பாட்டான 'சுராங்கனி'யை ஏ.ஈ. மனோகரன் சிங்களமும் தமிழுமாகப் பாட, சென்னைக் கல்யாண வீடுகள் வரை ஆடின. 2021இல் யொஹானியின் சிங்களப் பாட்டு இந்தியா முழுக்கப் பரவியது. ஆனால் மனோகரனுக்கு முன்னால் இலங்கை வானொலி இருந்தது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அதைக் கேட்டு வளர்ந்தது. யொஹானிக்கு யூடியூப் இருந்தது. பாட்டு தானாகக் கடல் தாண்டுவதில்லை. யாரோ ஓடம் விடுகிறார்கள். இன்றைய ஓடத்தை ஓட்டுவது கணினியின் கணக்கு. நாம் நேற்று கேட்டதையே அது இன்றும் கொண்டுவந்து தருகிறது. பப்புவா நியூ கினியின் பாட்டை அது உங்களுக்கு என்றைக்காவது தந்திருக்கிறதா? போட்டி தரும்.

கேள்வி: தோற்றவர்களுக்கு என்ன மிச்சம்?
*– புதுச்சேரி வாசகி*

1978இல் மணிலாவில் முதல் மெட்ரோ மணிலா பாட்டு விழா. ஃப்ரெடி அகிலார் என்ற இளைஞர் பெற்றோர் சொல் கேளாத பிள்ளையைப் பற்றி 'அனாக்' என்றொரு பாட்டோடு வந்தார். இறுதிச் சுற்று வரை போனது. முதல் பரிசு வேறொரு பாட்டுக்கு. பிறகு 'அனாக்' எத்தனையோ மொழிகளில் பாடப்பட்டது. மேடை ஏறியதால்தான் அது ஊர் காதில் விழுந்தது.

கேள்வி: ஒளிபரப்பு எத்தனை மணிக்கு? எனக்கு அது தெரிந்தால் போதும்.
*– சென்னை வாசகர்*

முதல் போட்டி கோலாலம்பூரில், மாலை ஏழு மணிக்கு. டோக்கியோவில் எட்டு, பிஜியில் பதினொன்று, சமோவாவில் நள்ளிரவு. சனிக்கிழமை வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிறு காலையில் தேவாலயம் போகாத வீடு சமோவாவில் அரிது, அவர்களைத் தூங்கவிட வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை. ரியாத்தில் பகல் இரண்டு, ஜும்மா தொழுகை முடிந்திருக்கும். சென்னையில் நாலரை. அலுவலகத்திலிருந்து கிளம்பி நீங்கள் வீடு வருவதற்குள் பாதிப் பாட்டு முடிந்திருக்கும். ஆனால் நாடு நாடாக மதிப்பெண் சொல்லும் நேரத்துக்கு வந்துவிடலாம்.