பழங்காட்டு ஆற்றுப்படை

பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் பெறாதவனுக்கு வழி சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. மன்னன் நன்னனைக் காணப் போகும் கூத்தருக்கு, பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு கிடக்கும் குழி, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல், வழுக்கும் பாறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எச்சரிக்கிறது மலைபடுகடாம். அதன் 583 அடிகளில் அனுமதிச் சீட்டு எங்கே வாங்குவது என்பதற்கு மட்டும் ஓரடியும் இல்லை. நன்னன் காலத்தில் வனத்துறை இல்லாததால் நேர்ந்த விடுபாடு இது. போடிநாயக்கனூருக்கு மேற்கே நிற்கும் மலையை முன்வைத்து அதை இங்கே நிரப்புகிறோம்.

காண வேண்டிய பொருள் பழங்காடு. எவரும் நடாதது, எவரும் வெட்டாதது. போடியில் நின்று அண்ணாந்தால் மலை முழுக்கக் காடாகத்தான் தெரியும். இது முதல் மயக்கம். அடிச்சரிவில் இருப்பது புதரும் வெயிலில் காயும் புல்லும். போடிமெட்டைத் தாண்டினால் ஓங்கிய மரங்கள் வரும். ஆனால் அவை உத்தியோகம் பார்க்கும் மரங்கள். ஏலச்செடிக்கு முழு வெயிலும் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. இரண்டுக்கும் நடுவே அளந்து வெளிச்சம் விடுவதற்காகப் பலாவும் சந்தன வேம்பும் பணியில் அமர்த்தப்பட்டிருக்கின்றன. மழைக்கு முன் கவாத்து செய்து, எவ்வளவு நிழல் தரலாம் என்பதை ஆண்டுதோறும் அவற்றுக்கு நினைவூட்டுவார்கள். வேலைக்குப் போகாத மரங்களைப் பார்க்க வேண்டுமானால் சோலைக்குத்தான் போக வேண்டும். மலைமடிப்புகளில், ஓடை பிறக்கும் இடங்களில் அது ஒதுங்கி நிற்கிறது. குட்டை மரம், முறுக்கிய கிளை, கிளையெல்லாம் பாசி. கீழே ஓடும் ஆறுகளுக்குத் தண்ணீர் அனுப்புவதைத் தவிர அதற்கு வேறு வருமானம் இல்லை.

விடியும் முன்பே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களை இக்கட்டுரை பயணிகளாகக் கணக்கில் எடுக்கவில்லை. அவர்கள் பயணம் திட்டமிடுவதில்லை. கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து புறப்பட்டுத் தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் சருகை விலக்கி, பிஞ்சை விட்டுவிட்டு முற்றிய காயை மட்டும் எடுக்க வேண்டும். மரத்தின் உச்சியைப் பார்க்க நாம் பணம் கட்டிப் போகிறோம். அதன் அடியில் ஆயுளைக் கழிப்பவர் அண்ணாந்து பார்த்தால் கூலி இல்லை. காய் எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் மேலே நிற்பது என்ன மரம் என்று கேட்டேன். நிமிராமலே, "நெழல் மரந்தேன் சார்" என்றார். தாவரவியல் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

அடுத்தது உரிமை ஆராய்ச்சி. கேரளப் பக்கத்து ஏலமலைக் காடுகளைப் பற்றிய வாதம் திருவிதாங்கூர் அரசின் 1822ஆம் ஆண்டு ஆணையிலிருந்து தொடங்கும். 1897இல் வந்த அறிவிக்கையின்படி அந்தக் காட்டின் பரப்பு 15,720 ஏக்கர் என்பது ஒரு கட்சி. 2,15,720 ஏக்கர் என்பது மறு கட்சி. அதாவது முன்னால் ஒரு 2 உண்டா இல்லையா என்பதுதான் வழக்கு. பாட பேதம் பார்த்துப் பழகிய நம் பதிப்பாசிரியர்கள் கையில் கொடுத்திருந்தால் இரண்டையும் அச்சிட்டு அடிக்குறிப்பு போட்டிருப்பார்கள். நீதிமன்றத்துக்கு அந்த வசதி இல்லை. இதற்கிடையில் நடைமுறை ஏற்பாடு ஒன்று இருக்கிறது: மண் வருவாய்த் துறையின் பொறுப்பு, மேலே நிற்கும் மரம் வனத்துறையின் பொறுப்பு. மரம் எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்பதை வேர்தான் சொல்ல வேண்டும்.

மாநில எல்லையும் இதே நேர்த்தியோடு அமைந்திருக்கிறது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து போக வேண்டும். டாப் ஸ்டேஷனும் தேனி மாவட்டம். அதற்குச் சாலை மூணாறிலிருந்து. ஆக, வண்டியில் போகிறவர் தமிழ்நாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வேறொரு மாநிலத்தின் வழியாகவே ஏறலாம். தேயிலைக்கு ஒருகாலத்தில் இந்தச் சிரமம் இருக்கவில்லை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயில், அங்கிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவட வழி, அப்புறம் போடி, துறைமுகம், இங்கிலாந்து. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோனது.

இனி மதிகெட்டான் சோலை. பூப்பாறைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, 12.82 சதுர கிலோமீட்டர். ஏலச்செடி நட்டு ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றச் சொல்லி, அப்போது கேரள எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் நேரில் மலையேறிப் போய் நின்றார். 2003இல் அது தேசியப் பூங்கா ஆனது. எனவே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். அதன் 28ஆம் பிரிவு, உள்ளே போவதற்கான காரணங்களை வகுத்திருக்கிறது: விலங்குகளை ஆராய, படம் பிடிக்க, அறிவியல் ஆய்வு செய்ய, சுற்றுலா போக, உள்ளே குடியிருப்பவரோடு சட்டப்படியான கொடுக்கல் வாங்கல் நடத்த. "சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று" என்பது அவற்றில் இல்லை. விண்ணப்பம் எழுதுவோர் கவனிக்க.

இந்தச் சட்டத்தின் வலிமைக்கு நியூட்ரினோவே சாட்சி. பூமியை ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தடையின்றி வெளியேறும் துகள் அது. அதைப் பிடித்துப் பார்க்கப் போடிக்கு அருகே பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து ஆய்வகம் கட்டத் திட்டமிட்டார்கள். அந்த இடம் மதிகெட்டான் தேசியப் பூங்காவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வருகிறது என்பதைச் சுட்டி, 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மலையைக் குடைய வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கொடிபிடித்ததும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. சூரியனிலிருந்து கிளம்பி எதற்கும் நிற்காத பொருள், தேசிய வன உயிரின வாரியத்தின் ஒப்புதலுக்காக நின்றது.

சீட்டு வாங்காமல் சுற்றியதற்கு முன்னுதாரணம் ஒருவர் உண்டு. சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று வந்த அரிக்கொம்பன் யானை. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றி, பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அவர் மேகமலைப் பக்கம் நடந்தார். மே 27 கம்பம் நகருக்குள் வந்தார். ஊருக்கு 144 தடை உத்தரவு. ஜூன் 5 மறுபடியும் ஊசி, மறுபடியும் லாரி, களக்காடு முண்டந்துறை. ஆறு வாரத்துக்குள் மூன்று புலிகள் காப்பகங்கள், அரசுச் செலவில், கழுத்தில் ரேடியோ பட்டையோடு. மனிதருக்கு இந்தத் திட்டம் நடைமுறையில் இல்லை.

வெளிநாட்டில் எல்லாம் சுலபம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகிலேயே உயரமான மரம், ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரம், கலிபோர்னியாவில் இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் அதன் அடிமண்ணை மிதித்துக் கெட்டியாக்கிவிட்டதால், 2022இல் நெருங்கினால் அபராதம், சிறை என்று அறிவித்துவிட்டார்கள்.

குரங்கணியைப் பற்றி இந்த நடையில் எழுத முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். பலர் இளம் பெண்கள், சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்தவர்கள். கோடையில் அந்தச் சரிவு முழுக்க ஆளுயரக் காய்ந்த புல். சமதளத்தைவிட ஏற்றத்தில் தீ வேகமாக ஓடும். மனிதன் ஏற்றத்தில் ஓட முடியாது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்தது. வழிகாட்டி கூடவே வருவார். குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் இருக்கிறது.

தீக்காலத்தில் பாதைகளை மூடுவார்கள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு இல்லை என்று திரையில் வந்தால், ஊரில் தெரிந்தவரைப் பிடித்துப் பின்வழியாக ஏறப் பார்க்காதீர்கள். சென்னையிலிருந்து போடிக்கு வாரம் மூன்று நாள் ரயில் வருகிறது. டிசம்பர் கடைசியில் வாருங்கள், மழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கும்.