பரிசலில் சும்மா இருத்தல்: கயத்தாற்று நோக்கில் ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வாளர் தகுதி

கயத்தாற்றுக்காரர்களுக்குத் தண்ணீரில் மிதந்து பழக்கமில்லை; காற்றில் சுற்றுவதைப் பார்த்துப் பழக்கமுண்டு. ஊரைச் சுற்றிலும் காத்தாடிகள். காற்றாலைகளைச் சோதிக்கும் அரசு நிலையமும் இங்கே இருக்கிறது. ஆகவே, சுற்றுகிற எதையும் எடைபோடும் தகுதி இவ்வூராருக்கு உண்டு என்பது முதல் துணிபு. அத்தகுதியை நம்பியே நண்பர் குழாம் ஒன்று ஒகேனக்கல்லுக்கு வேன் பிடித்தது.

2. மிதவை வகைமை

(அ) தூத்துக்குடிக் கரையின் கட்டுமரம். கட்டைகளின் இடுக்கில் தண்ணீர் ஏறும். ஏறியவர் எல்லோருக்கும் வேலை இருக்கும். இதில் ‘சும்மா’வின் அளவு சுழியம்.

(ஆ) சீனத்தின் குவாங்ஷி பகுதியில், யாங்ஷுவோ அருகே யூலொங் ஆற்றில் ஓடும் மூங்கில் தெப்பம். நாற்காலி இரண்டு, மேலே குடை, பின்னால் நின்றபடி கழி ஊன்றும் தெப்பக்காரர். இருவர் இருவராகப் பிரித்துவிடுவதால் இது தேனிலவுக்கு ஏற்றது. நண்பர் குழாமுக்குப் பகை.

(இ) காவிரிப் பரிசல். மூங்கில் பிளாச்சுப் பின்னல். அடியில் அந்தக் காலத்தில் தோல், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும்.

3. முழங்கால் கோட்பாடு

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வேனில் ஜன்னலோரத்துக்கு நடந்த போர் இங்கே செல்லாது. முழங்காலோடு முழங்கால் முட்ட வட்டமாக உட்கார வேண்டும். பரிசல்காரர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் அருவி எல்லோர் முகத்துக்கும் முறைவைத்து வரும். இவ்வளவு நேர்மையான பங்கீட்டை எந்தக் கல்யாணப் பந்தியிலும் ஆய்வாளர் கண்டதில்லை. “ஏலே, நீ குண்டு, எதிர்ப்பக்கம் போ” என்ற ஒரே பாகுபாடும் எடைச் சமன்பாட்டின் பொருட்டே.

4. பருவ முரண்

செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாயும் ஆடியில் கயத்தாற்றுக் காத்தாடிகள் வெறிகொண்டு சுற்றும். அதே பருவக்காற்றுதான் குடகிலும் வயநாட்டிலும் மழையைக் கொட்டிக் காவிரியைப் பெருக வைக்கிறது. வெள்ளம் மிகுந்தால் ஒகேனக்கல்லில் பரிசலுக்குத் தடை. எனவே கயத்தாற்றுக்காரர் பயணத்துக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கம் புரட்ட வேண்டியதில்லை. மொட்டைமாடியில் ஏறிக் காத்தாடியைப் பார்த்தால் போதும்.

5. உழைப்பின் அழியாமை விதி

மிதவையில் உழைப்பு அழிவதில்லை; இடம் மாறுகிறது. யூலொங்கில் இருவர் உட்கார ஒருவர் நிற்கிறார். ஒகேனக்கல்லில் ஒரு கூட்டமே கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டிருக்க, ஒற்றைத் துடுப்பால் ஒருவர் நீரைத் தன்பக்கம் இழுத்து இழுத்துப் பரிசலை நடத்துகிறார். பாறை குறுக்கிட்டால் எல்லோரும் இறங்குவார்கள். பரிசல் அவர் தலையில் ஏறும். வெறுங்கையோடு பின்னால் நடப்பவர்கள், “பாத்துண்ணே, வழுக்கும்” என்று ஆலோசனை வழங்குவார்கள். ஆலோசனைக்கு எடை இல்லாததால் அது உழைப்பில் சேராது.

6. மறுப்பும் விடையும்

‘கூலி கொடுத்தாயிற்றே’ என்பது வேனிலேயே எழுந்த மறுப்பு. கூலி துடுப்புக்கு, அவர் தோளில் நாம் இறக்கிவைத்த சோம்பலுக்குக் கணக்கு இன்னும் முடியவில்லை.

7. பரிந்துரை

கரையேறியதும் பொரித்த மீனின் முதல் தட்டு பரிசல்காரருக்கு. இதை ஏற்காதவர்கள், பரிசலைத் தலையில் தூக்கி அந்தப் பாறையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்து எதிர்க்கட்டுரை எழுதலாம்.